நா. கோவிந்தசாமி யார்? உங்கள் வீட்டு சர்வருக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

பழைய அலுவலகக் கணினி ஒன்று, இரண்டு ஹார்ட் டிஸ்க், ப்ராக்ஸ்மாக்ஸ் மாதிரி ஓர் இலவச மென்பொருள். இவ்வளவு இருந்தால் போதும், வீட்டிலேயே சர்வர் நடத்தலாம். நீங்கள் ஈப்போவில் வசித்து, உங்கள் தாத்தா பாட்டி பேராக்கின் ஏதாவது ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் என்றால், அதில் சேமிக்க வேண்டியதும் உங்களிடம் நிறைய இருக்கும். தோட்டத்து லயத்தில் எடுத்த படங்கள், கோயில் திருவிழா மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டிதழ் என்று பட்டியல் நீளும்.

அந்தக் கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கிறீர்கள், தமிழிலேயே தேடுகிறீர்கள். இதில் என்ன அதிசயம் என்று தோணுதா? 1990களின் தொடக்கத்தில் இது நடக்காத காரியம். அதை மாற்ற உழைத்தவர்களில் ஒருவர்தான் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி.

எழுத்தாளர் எப்படிக் கணினிப் பக்கம் வந்தார்?

1946 ஏப்ரல் 18ஆம் தேதி பிறந்தவர் கோவிந்தசாமி. ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர். 'தேடி' இவருடைய சிறுகதைத் தொகுப்பு. தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதும் பெற்றவர். பிறகு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளரானார்.

கணினி பெரும்பாலும் ஆங்கிலம் மட்டுமே பேசிய காலம் அது. தமிழில் எழுதுகிறவர், தமிழ் கற்பிக்கிறவர் என்ற முறையில், அடுத்த தலைமுறை திரையில்தான் படிக்கப் போகிறது, அங்கே தமிழ் இல்லையென்றால் என்ன ஆகும் என்ற கேள்வி அவருக்கு நேரடிப் பிரச்சினை. 'கணியன்' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். இன்று நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் 'இணையம்' என்ற சொல்லைத் தந்தவர் என்றும் அவர் பரவலாகப் போற்றப்படுகிறார்.

1995இல் என்ன நடந்தது?

சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளையும் இணையத்தில் ஏற்றும் திட்டம் ஒன்று தொடங்கியது. தமிழ்ப் பகுதிக்கு கோவிந்தசாமி. தொழில்நுட்பத்துக்கு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ உள்ளிட்டோர். 1995 அக்டோபர் 27ஆம் தேதி அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் அந்தத் தளத்தைத் தொடங்கி வைத்தார். உலக இணையத்தில் தமிழ் எழுத்து தெரிந்த முதல் தளங்களில் அதுவும் ஒன்று.

சிக்கல் எங்கே இருந்தது?

அன்றைய எழுத்துரு ஒன்றில் மொத்தம் 256 இடங்கள். முதல் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விடும். மிச்சத்தில்தான் தமிழை அடுக்கணும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரிசையில் அடுக்கினார்கள். அதனால் ஓர் எழுத்துருவில் தட்டிய கடிதம், அதே எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். மலேசியாவில் முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்' உட்பட, பல நாடுகளிலும் பல முயற்சிகள் நடந்தன. எல்லாரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த 'தமிழ்நெட் 97' மாநாடு அதற்கான களம். அதை முன்னின்று நடத்தியவர் கோவிந்தசாமி. விசைப்பலகையும் எழுத்துக் குறியீடும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கணும் என்ற விவாதம் அங்கே சூடுபிடித்தது. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டில் அது அடுத்த கட்டத்துக்குப் போனது. உங்கள் கைப்பேசியில் இன்றும் இருக்கும் 'தமிழ்99' விசைப்பலகை அந்த மாநாட்டின் விளைவுதான்.

அதன் முழுப் பலனையும் பார்க்க அவருக்குக் காலம் இடம் கொடுக்கவில்லை. 1999 மே 26ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 53. அடுத்த ஆண்டுதான் விண்டோஸ் 2000 யூனிகோட் தமிழோடு வந்தது. யூனிகோட் ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண்ணைத் தருகிறது. 'அ' என்றால் எந்தக் கணினியிலும் 2949தான். அதனால்தான் உங்கள் சர்வரில் தமிழ்க் கோப்புப் பெயர் உடையாமல் நிற்கிறது.

அப்படியென்றால் பழைய கோப்புகள்?

இங்கேதான் உங்கள் வீட்டு சர்வருக்கு வேலை வருது. 90களில் தட்டிய தோட்ட மலர்களும் சங்க அறிக்கைகளும் பழைய வட்டுகளில் இன்னும் கிடக்கலாம். அவற்றைத் திறந்தால் கிறுக்கல்தான் வரும். தரவு அழியவில்லை, படிக்கும் வழிதான் தொலைந்திருக்கிறது.

என்ன செய்யலாம்? மெய்நிகர் கணினி என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவது. அதில் பழைய விண்டோஸையும் அந்தக் கால எழுத்துருவையும் நிறுவினால், கோப்பு முன்பு இருந்த மாதிரியே தெரியும். அதைப் பார்த்து, எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவாங்க. பழைய எழுத்துருக் கோப்பையும் தூக்கிப் போடாதீங்க. வலைத்தொடர்பைத் துண்டித்து வைத்து ஓட்டுவது நல்லது, ஏனென்றால் பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடையாது.

சேமிக்கும்போது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு இருக்கும்படி வைக்கலாம். ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும். ஆனால் நீங்கள் தவறாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அழியும். அதனால் இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். கிந்தா பள்ளத்தாக்கில் இடி மின்னல் அதிகம். யூபிஎஸ் இல்லாமல் சர்வரை ஓட்ட வேண்டாம்.

கோவிந்தசாமியின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் விஷயமும் இதுதான். டிஸ்க் எவ்வளவு பெரிசு என்பது முக்கியமில்லை. இருபது வருடம் கழித்து வேறொருவர் திறந்து தமிழில் படிக்க முடியணும். தோட்டங்கள் பலவும் இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. அங்கே வாழ்ந்தவர்களின் எழுத்து எஞ்சியிருப்பது நம் வீட்டு அலமாரிகளில்தான். இந்த வார இறுதியில் அந்த அலமாரியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள்.