நடுவில் நிற்கும் எழுத்து

அண்மையில் இணையத்தில் ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பினேன். அனுப்பும் நேரத்தில் சில படங்கள் தோன்றின. சமிக்ஞை விளக்கு உள்ள படங்களைத் தேர்ந்தெடுத்து, நான் மனிதன்தான் என்று மெய்ப்பிக்க வேண்டுமாம்! இரண்டு முறை தவறிவிட்டேன். இந்தச் சோதனையின் பெயர் 'கேப்ட்சா'. அதன் ஏழு ஆங்கில எழுத்துகளில் நடுவில் நிற்கும் 'டி' ஒரு மனிதரைக் குறிக்கிறது. அவர்தான் ஆலன் டூரிங்.

டூரிங் 1912 ஜூன் 23ஆம் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணி அதிகாரி. பெற்றோர் இந்தியாவில் இருந்த காலங்களில், பிள்ளை இங்கிலாந்தில் பிறர் வீட்டில் வளர்ந்தார். 1926இல் புதிய பள்ளியில் சேர வேண்டிய நாளில் நாடெங்கும் வேலைநிறுத்தம்; ரயில் ஓடவில்லை. 13 வயது டூரிங் சைக்கிளில் புறப்பட்டு, வழியில் ஓர் இரவு தங்கி, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் கடந்து பள்ளியை அடைந்தார்.

1936இல் அவர் எழுதிய கணிதக் கட்டுரை இன்றைய கணினிக்கு அடித்தளமானது. இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியரின் எனிக்மா இரகசியக் குறியீட்டை உடைக்கும் பணியில் முன்னின்றார்.

இயந்திரத்தால் சிந்திக்க முடியுமா? 1950இல் இக்கேள்விக்கு அவர் ஒரு சோதனையை முன்வைத்தார். நடுவர் ஓர் அறையில் இருப்பார். மறைவில் ஒரு மனிதரும் ஓர் இயந்திரமும். கேள்வியும் பதிலும் எழுத்தில் மட்டுமே. எது மனிதர் என்று நடுவரால் பிரித்தறிய முடியாவிட்டால், இயந்திரம் வென்றது. தோற்றமோ குரலோ கணக்கில் இல்லை.

கேப்ட்சா இதைத் தலைகீழாக்கியது. இங்கே நடுவர் கணினி. ஒரு சொல்லைத் தானே தேர்ந்தெடுத்து, எழுத்துகளை நெளித்து நமக்குக் காட்டும். விடை அதற்கு முன்பே தெரியும். ஆனால் மற்றொரு கணினி அதைப் படிக்கத் திணற வேண்டும். இன்று கணினிகளும் படிக்கப் பழகிவிட்டதால்தான் சோதனைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

1952இல், ஓர் ஆணுடன் கொண்ட உறவுக்காக டூரிங் தண்டிக்கப்பட்டார். அன்றைய பிரிட்டனில் அது குற்றம். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சையை ஏற்றார். அவருடைய போர்க்காலப் பணி இரகசியமாக இருந்ததால், மக்களுக்கு அவருடைய அருமை தெரியவில்லை. 1954 ஜூன் 7ஆம் தேதி, 41 வயதில், சயனைட் நஞ்சினால் இறந்தார். அரச மன்னிப்பு 2013இல்தான் வந்தது. 2021இல் அவருடைய படம் 50 பவுன் நோட்டில் இடம்பெற்றது.

மறைவில் இருப்பவர் யார் என்று பாராமல், அவர் தரும் பதிலை மட்டும் பார்த்து மதிப்பிடச் சொன்னவர் டூரிங். அந்த நியாயம் அவருக்கே கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் அந்தப் படங்கள் தோன்றினால் எனக்கு எரிச்சல் வருவதில்லை. அவர் நினைவுதான் வருகிறது.