நீதிமன்றத் தமிழும் வேதநாயகம் பிள்ளையும்

தமிழின் முதல் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' படைத்தவர் என்றே மாயூரம் வேதநாயகம் பிள்ளை பெரிதும் அறியப்படுகிறார். சட்டத்தைத் தமிழில் எழுதிக்காட்டிய அவரது பணி அப்புதினத்திற்கும் முந்தியது.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு பிறந்த வேதநாயகர், தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே கற்றார். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். எழுத்தில் ஒரு சொல் பிறழ்ந்தால் ஒரு குடும்பத்தின் நிலமே கைமாறிவிடக்கூடும் என்பதை உணர்த்தும் பணி அது. 1857இல் மாவட்ட முன்சீபாகப் பதவியேற்று, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதி வழங்கினார்.

நில வழக்கு தொடுப்போர் வாதி, பிரதிவாதியரின் பெயர், இருப்பிடம், வழக்கு எழுந்த காரணம், கோரும் பரிகாரம், நிலத்தின் நான்கெல்லை ஆகியவற்றை வழக்குரையில் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்று 1859ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் வகுத்தது. ஆனால், பிராது, வக்காலத்து, ஜப்தி, டிக்ரி எனப் பிறமொழிச் சொற்கள் நீதிமன்ற எழுத்தில் மலிந்திருந்தன. கீழ் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டிய சென்னை சதர் நீதிமன்றத் தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் இருந்தன. தம் வழக்கை முடிவுசெய்யும் நெறி எதுவென அறியாமலேயே மக்கள் வழக்காடினர்.

இக்குறையைப் போக்க முனைந்த வேதநாயகர், 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கினார். 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் அந்நூல் வெளிவந்தது. சட்டச் செய்தியை ஐயத்திற்கு இடமின்றித் தாங்கும் ஆற்றல் தமிழ் உரைநடைக்கு உண்டு என்பதற்கு அது சான்றாயிற்று.

1872இல் பணியிலிருந்து விலகிய பின்னரும் அவர் இக்கருத்தைக் கைவிடவில்லை. 1879இல் வெளிவந்த தம் புதினத்தில், நீதிபதி, வழக்கறிஞர், கட்சிக்காரர் ஆகிய அனைவரும் தமிழராயிருந்தும் வாதம் ஆங்கிலத்தில் நிகழும் முரண்பாட்டை நகைச்சுவையுடன் சாடினார். தன் உடைமையும் உரிமையும் பற்றிய பேச்சைக் கேட்டும் புரியாமல் நிற்கும் எளியவனின் நிலையே அவரை வருத்தியது. 1889இல் அவர் மறைந்தார்.

தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. பின்னர்க் கொணரப்பட்ட திருத்தம், கீழமை நீதிமன்றங்களில் சாட்சியத்தையும் தீர்ப்பையும் தமிழில் எழுத வழிசெய்தது. சீர்காழிக்கு வடக்கே கொள்ளிடத்தைக் கடந்தால் சிதம்பரம். அதற்கும் வடக்கே கடலூர். அவ்வூர் நீதிமன்றங்களுக்கு வரும் உழவர் ஒருவர், தம் நிலத்தின் நான்கெல்லையைத் தமிழ் வழக்குரையில் தாமே படித்துச் சரிபார்த்துக் கையொப்பமிட முடிகிறது. எழுதப்பட்டதைப் புரிந்துகொண்டு ஒப்பமிடும் அவ்வுரிமைக்காகவே வேதநாயகரின் எழுதுகோல் உழைத்தது.