தங்கைக்காக ஒரு வைத்தியசாலை

எமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, நான் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். எனக்கு ஒரு வைத்தியரைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அவர் எமது நாட்டவர் அல்லர். எமது கல்லூரி வாசலை மிதித்தவரும் அல்லர். இறந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரை எம்மில் பலர் பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரி விடையாக மனனம் செய்திருப்போம். பிரித்தானிய இந்தியாவில் சட்டசபையில் அமர்ந்த முதற் பெண் யார் என்ற கேள்விக்கு உரிய விடை அது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு தங்கை இருக்கிறாள். நான் எழுத வந்தது அந்தத் தங்கையினால்தான்.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் அங்குள்ள மகாராஜாக் கல்லூரியின் அதிபர். தாய் சந்திரம்மாள், கோயிற் பணிக்குப் பொட்டுக்கட்டிக்கொண்ட பெண்களின் மரபில் வந்தவர். இருவரும் இணைந்ததனால் தந்தையின் உறவினர்கள் அவரைத் தள்ளி வைத்தார்கள். பெண் பருவமடைந்ததும் பள்ளிக்கூடம் நின்றுவிடும் காலம் அது. தந்தை மகளை வீட்டிலிருந்தே படிப்பித்தார். அவர் 1902இல் மெற்றிக்குலேசன் சித்தியடைந்தார். அடுத்த படி கல்லூரி. ஊரில் இருந்ததோ ஆண்கள் கல்லூரி ஒன்றுதான். பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுவிடுவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. புதுக்கோட்டை மன்னர் தலையிட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். வகுப்பில் மாணவர்களின் கண்ணிற் படாதபடி மறைப்புக் கட்டி அதன் பின்னே அவரை இருத்தினார்கள்.

பெண்கள் மட்டுமே படிக்கும் கல்லூரியில், மாமரத்தடியில் கால் நீட்டி இருந்து பாடம் படித்த எமக்கு அந்த மறைப்பை மனத்தில் கொண்டுவருவது சிரமம். ஒரு வகுப்பு முழுவதும் கேட்கிற பாடத்தைத் தனியாக ஒரு மூலையிலிருந்து, கேள்வி கேட்கவும் கூசிக்கொண்டு கேட்ட பெண், பரீட்சையில் நல்ல சித்தி பெற்று 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 1912இல் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசினர் பிரசவ வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி வைத்தியராக அமர்ந்த முதற் பெண்ணும் அவரே.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார். கணவரும் கடைசிவரை அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். இதை நான் இள வைத்தியர்களுக்குச் சொல்லும்போது சிரிப்பார்கள். பிறகு கொஞ்சம் யோசிப்பார்கள்.

இனித் தங்கையிடம் வருகிறேன்.

அக்கா சென்னையில் பெயர் பெற்ற வைத்தியராகிவிட்ட காலத்தில் தங்கைக்கு மலத்துடன் இரத்தம் போகத் தொடங்கியது. அதை வயிற்றுளைவு என்று கொண்டு அதற்கான மருந்தையே கொடுத்து வந்தார்கள். உண்மையில் அது மலக்குடற் புற்றுநோய். உண்மை தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923இல், இளவயதிலேயே, தங்கை இறந்தார்.

வைத்தியர் அல்லாதவர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். இரத்தமும் சீதமும் கலந்து போவது, அடிக்கடி மலம் கழிக்கத் தோன்றுவது, போய்வந்த பின்னும் முற்றாகப் போகவில்லை என்ற உணர்வு ஆகியவை வயிற்றுளைவுக்கும் உண்டு, மலக்குடற் புற்றுக்கும் உண்டு. அக்காலச் சென்னையில் அமீபா வயிற்றுளைவு வீட்டுக்கு வீடு இருந்தது. எமற்றீன் ஊசி போட்டால் பலருக்குக் குணம் கிடைத்தது. இளம் பெண் ஒருத்திக்கு இரத்தம் போனால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைத்தான் நினைத்திருப்பார்கள். அந்நாளில் இன்றைய வளையும் உட்காட்டிக் குழாயும் ஸ்கானும் கிடையா. ஆனால், மலக்குடலின் கீழ்ப் பகுதியில் கட்டி இருந்தால் கையுறை போட்ட ஒரு விரலே அதைக் கண்டுபிடிக்கும். அந்தப் பரிசோதனைக்கு ஒரு நிமிடம் போதும். அதைச் செய்ய விடுவதற்கு ஒரு பெண்ணுக்கு எத்தனை மாதம் பிடிக்கும் என்பதுதான் கேள்வி. அன்றும் அப்படித்தான், இன்றும் பெரும்பாலும் அப்படித்தான்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் எழுதவில்லை. எனது சின்னம்மாவும் எமது கல்லூரியின் பழைய மாணவிதான். 2008இல் நான் வெளி மாவட்டம் ஒன்றில் புதிதாக வேலையில் சேர்ந்திருந்த நேரம், யாழ்ப்பாணத்திலிருந்து அவர் தொலைபேசியில் கதைத்தார். நெடுநேரம் சுற்றி வளைத்து, தயங்கித் தயங்கி, இரத்தம் போகிறது என்றார். மூலமாக இருக்கும், பயப்பட வேண்டாம், நார்ச்சத்துள்ள சாப்பாடு சாப்பிடுங்கோ என்று நான் சொன்னேன். குடும்பத்தில் முதலாவது டொக்டர் சொன்னால் வேறு பேச்சு உண்டா? ஏழு மாதம் கீரையும் வாழைப்பொத்தியும் சாப்பிட்டுக்கொண்டு இருந்துவிட்டார். ஏ9 பாதை மூடியிருந்த காலம். நோய் தெரிந்த பின்னர் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து மகரகமவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் மேலும் வாரங்கள் போய்விட்டன. இரண்டு வருடம் இருந்தார். ஒரு நாளும் என்னைக் குறைசொல்லவில்லை. அவருடைய சேலைகளில் இரண்டு என்னிடம் இருக்கின்றன. உடுப்பதில்லை.

முத்துலட்சுமியின் வரலாற்றை நான் முதன்முதலில் முழுமையாக வாசித்தது சின்னம்மா இறந்த வருடத்தில். சட்டசபை, மசோதா எல்லாவற்றையும் தாண்டி, தங்கையின் பகுதியில் வந்து நின்றுவிட்டேன். வீட்டில் ஒரு வைத்தியர் இருந்தும் பிந்திவிட்ட நோய் அது. அந்த அக்கா அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று தேடித் தேடி வாசித்தேன்.

முதலில் அவர் படிக்கப் போனார். 1925இல் சென்னை அரசின் உதவியுடன் இங்கிலாந்துக்குச் சென்று பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற்றார். அங்கே இலண்டனிலிருந்த றோயல் புற்றுநோய் வைத்தியசாலையிலும் பயின்றார். சத்திரசிகிச்சையாலும் ரேடியத்தாலும் சிலரையாவது காப்பாற்ற முடியும் என்பதை அங்கு கண்டார். புற்றுநோய் என்றால் முடிந்தது என்று ஊரெல்லாம் நம்பியிருந்த காலத்தில் அது பெரிய செய்தி. இப்படிப்பட்ட ஒன்று சென்னையில் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கே வேரூன்றியது.

ஆனால் ஊர் திரும்பியதும் வாழ்க்கை வேறு பக்கம் இழுத்தது. மாதர் சங்கங்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்ப விரும்பின. நன்றாக நடந்துகொண்டிருந்த வைத்தியத் தொழிலை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. ஆயினும் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, உறுப்பினர்களால் துணைத் தலைவராகவும் தெரிவுசெய்யப்பட்டார். பெண்களின் திருமண வயதை உயர்த்துவது, விபசார விடுதிகளை ஒழிப்பது, பாடசாலை மாணவருக்கு வைத்தியப் பரிசோதனை நடத்துவது என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். (கடைசியாகச் சொன்னதை வாசிக்கும்போது, வெள்ளைச் சட்டையுடன் மண்டப விறாந்தையில் வரிசையாக நின்று, பல்லைக் காட்டி, நிறை பார்த்த நாள்கள் எனக்கு நினைவுக்கு வரும்.)

அவரது பெயரைப் பெரிதாக்கியது, பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிரான போராட்டம். 1929இல் வந்த சட்டத் திருத்தத்தினால், கோயிற் பணியுடன் பிணைந்திருந்த மானிய நிலங்களை அந்தப் பெண்கள் பணி செய்யாமலே வைத்துக்கொள்ள வழி பிறந்தது. வழக்கத்தையே தடைசெய்யும் மசோதாவை 1930இல் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி போன்றவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த மரபைச் சேர்ந்த கலைஞர்கள் பலரும் எதிர்த்தார்கள், பெங்களூர் நாகரத்தினம்மாள் உட்பட. தடைச் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. அப்பெண்களின் வாழ்வாதாரத்தையும் கலையையும் இந்தச் சீர்திருத்தம் பறித்துவிட்டது என்று இன்றைய ஆய்வாளர்கள் எழுதுவதையும் நான் வாசித்திருக்கிறேன். அதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால், அவர் அந்த மரபில் வந்த ஒரு தாயின் மகள். வைத்தியராகச் சிறு வயதுப் பெண்களின் நோய்களைக் கண்ணால் கண்டவர். அவர் பார்த்த பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் வேறு விதமாக நடந்திருப்பார் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

1930இல், காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். அதே காலத்தில், அந்த வழக்கத்திலிருந்து தப்பி வந்த சிறுமியர் சிலர் அவரது வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகள் எவையும் அவர்களை ஏற்கவில்லை. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படித் தொடங்கியதுதான் அடையாற்றிலுள்ள ஔவை இல்லம். ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு அங்கே இருப்பிடமும் படிப்பும் கிடைத்தன. ஒளவையாரின் பெயரைத் தெரிந்தெடுத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. வேறு எந்தப் பெயரையும்விட அது தமிழ்ப் பிள்ளைகளுக்கு உறவு போன்றது.

இவ்வளவுக்கும் நடுவே தங்கை மறக்கப்படவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென ஒரு வைத்தியசாலை அமைக்கப்போவதாக அறிவித்தார். தங்கை இறந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள். அறிவிப்பு அறிவிப்பாகவே கிடந்தது. உலகப் போர் வந்தது. பம்பாயில் 1941இல் ராற்றா நினைவு வைத்தியசாலை திறக்கப்பட்டது. தெற்கே ஒன்றும் இல்லை. சுதந்திரம் கிடைத்த பின்னரும் அரசாங்கத்திடமிருந்து எதிர்பார்த்த ஆதரவு கிடைக்கவில்லை. எப்படியும் இறக்கப்போகிறவர்களுக்குத் தனி வைத்தியசாலை எதற்கு என்ற எண்ணம் மேலிடத்திலும் இருந்தது. இத்தகைய எண்ணத்தை நானும் கூட்டங்களில் வேறு வேறு சொற்களில் கேட்டிருக்கிறேன்.

அவர் காத்திருக்கவில்லை. 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் கீழ் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடக்கினார். அறுபது வயதைத் தாண்டிய அம்மையார் வீடு வீடாகவும் மேடை மேடையாகவும் பணம் சேர்த்தார். மகன் கிருஷ்ணமூர்த்தியும் சத்திரசிகிச்சை நிபுணர். வெளிநாட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை பயின்று வந்து தாயுடன் சேர்ந்துகொண்டார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18இல் அடையாற்றில் வைத்தியசாலை வேலை செய்யத் தொடங்கியது. பன்னிரண்டு கட்டில்கள், சிறு கட்டடம், விரல் விட்டு எண்ணக்கூடிய வைத்தியர்கள். தங்கை இறந்து முப்பத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த முப்பத்தொரு ஆண்டுகளைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். துக்கம் எல்லாருக்கும் வருகிறது. எட்டுச் செலவு, அந்தியேட்டி முடிந்தபின் ஒரு கல்வெட்டு அச்சிடுகிறோம், வருடத்துக்கு ஒருமுறை திவசம் செய்கிறோம், முடிந்தவர்கள் கல்லூரிக்கு ஒரு பரிசுக் கேடயம் கொடுக்கிறோம். அவற்றில் எனக்குக் குறையில்லை. சின்னம்மாவின் பெயரால் நாங்களும் உயிரியலுக்கு ஒரு பரிசு வைத்திருக்கிறோம். ஆனால் வேறு ஆயிரம் வேலைகளுக்கு நடுவே, ஒரே ஒரு மரணத்தை முப்பத்தொரு ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்து, அடுத்த வீட்டுத் தங்கைக்கு அது நேரக்கூடாது என்று கட்டில் போட்டுக் கொடுப்பது வேறு வகை.

1955இல் சாந்தா என்ற இளம் வைத்தியர் அங்கே சேர்ந்தார். பிரசவ வைத்தியசாலையில் அரச நியமனம் கிடைத்திருந்தும் அதை விட்டுவிட்டு, புற்றுநோய்ப் பக்கம் எவரும் போகாத காலத்தில் வந்தவர். கிருஷ்ணமூர்த்தியும் அவருமாகப் பல ஆண்டுகள் அந்த இடத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். பின்னர் கனடா வழங்கிய கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. வசதியற்றவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ சிகிச்சை என்பது முதல்நாள் தொட்டு அங்கே வழக்கம். இப்போது எமக்குத் தெல்லிப்பழையிலேயே புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அதற்காகப் பலர் நாடு முழுவதும் நடந்தே நிதி சேர்த்தார்கள் என்பது எம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிரிவுக்கு ஒரு பழைய மாணவியை அழைத்துச் சென்றபோது, கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்த சின்னம்மா என் பக்கத்தில் இருப்பது போல இருந்தது. வந்தவர் தயங்காமல் மூன்றாம் வாரமே காட்டியவர். இப்போது சுகமாக இருக்கிறார். இந்த மலரை அவரும் வாசிப்பார்.

முத்துலட்சுமி ரெட்டிக்கு 1956இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22இல், எண்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கையில் காலமானார். ஏழைத் தாய்மாருக்குத் தமிழ்நாட்டு அரசு வழங்கும் மகப்பேற்று உதவி அவரது பெயரிலேயே வழங்கப்படுகிறது. டாக்டர் சாந்தா மணம் செய்துகொள்ளவில்லை. வைத்தியசாலை வளவுக்குள்ளேயே குடியிருந்து, 2021 ஜனவரியில், தொண்ணூற்று மூன்றாவது வயதில் இறக்கும்வரை நோயாளிகளோடேயே வாழ்ந்தார்.