பட்டம் வாங்காத பழைய மாணவர்

மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டார். காமராஜரையோ விசுவேசுவரய்யாவையோ எதிர்பார்த்திருப்பார். நான் எழுதுவது எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ஓவியரைப் பற்றி. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

வேலை விஷயமாகக் கொல்கத்தா போனபோது செயின்ட் பால் பேராலயத்துக்குள் சும்மா நுழைந்தேன். மேற்குப் பக்கம் பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல். அண்ணாந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். 1872-இல் அந்தமானில் கொலையுண்ட வைஸ்ராய் மேயோ பிரபுவின் நினைவாக 1880-இல் வைத்தது. வரைந்தவர் பர்ன்-ஜோன்ஸ். அவர் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. யார் இவர் என்று தேடிப் படித்தேன்.

1833-இல் பர்மிங்காமில் பிறந்தார். ஒரு வாரத்துக்குள் தாயார் காலமானார். தகப்பனார் படங்களுக்குச் சட்டம் போடுபவர். பாதிரியார் ஆகும் எண்ணத்தோடு 1853-இல் ஆக்ஸ்போர்டு எக்ஸிடர் கல்லூரிக்குப் போனார். அங்கே கிடைத்த நண்பர்தான் வில்லியம் மாரிஸ். அவர் பணக்கார வீட்டுப் பிள்ளை. இவரோ சட்டக்கடைக்காரர் மகன். ஆனாலும் ஒட்டிக்கொண்டார்கள். 1855-இல் பிரான்சு போய்ப் பழைய பேராலயங்களைப் பார்த்துத் திரும்பும் வழியில், லெ ஹாவ்ர் துறைமுகக் கரையில் நடந்தபடியே முடிவெடுத்தார்கள்: பாதிரியார் வேலை வேண்டாம்; ஒருவர் ஓவியம், மற்றவர் கட்டடக்கலை. பர்ன்-ஜோன்ஸ் பட்டம் வாங்காமலே வெளியேறினார்.

1861-இல் மாரிஸ் நண்பர்களோடு லண்டனில் ஒரு கம்பெனி தொடங்கினார். ஜன்னலுக்கான உருவங்களைப் பர்ன்-ஜோன்ஸ் வரைவார். எந்த இடத்தில் என்ன நிறம், ஈயப் பட்டை எப்படி ஓட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மாரிஸ் பார்த்துக்கொள்வார். இந்தக் கண்ணாடியின் நிறம் மேலே பூசியது அல்ல. உருக்கும்போதே கலந்த உலோக ஆக்சைடு தருவது. கோபால்ட் போட்டால் நீலம். முகத்தின் நிழல், துணி மடிப்பு இவற்றை மட்டும் தீட்டிச் சூளையில் சுடுவார்கள். துண்டுகளைத் தாங்குவது ஈயப் பட்டை; படத்தின் கோடும் அதுவேதான். என்ஜினீயருக்கு இதைவிட அழகு வேறென்ன வேண்டும்?

1883-இல் மாரிஸ் சோஷலிஸ்ட் ஆனார். பர்ன்-ஜோன்ஸுக்கு அது ஒத்துவரவில்லை. 1894-இல் இவர் பாரனெட் பட்டத்தை ஏற்றுக்கொண்டது மாரிஸுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சேர்ந்து செய்த வேலை நிற்கவில்லை. பர்ன்-ஜோன்ஸ் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு மாரிஸ் வருவது பல வருஷப் பழக்கம்.

பட்டம் வாங்காமல் போனவருக்கு 1881-இல் ஆக்ஸ்போர்டு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அவர் வரைந்து மாரிஸ் கம்பெனி 1890-இல் நெய்த திரைச்சீலை அவர்கள் படித்த கல்லூரியின் ஆலயத்தில் தொங்குகிறது.

தான் ஞானஸ்நானம் பெற்ற பர்மிங்காம் செயின்ட் பிலிப் ஆலயத்துக்கு நான்கு ஜன்னல்கள் வரைந்தார். அன்று அது பங்கு ஆலயம்தான்; பேராலயம் ஆனது 1905-இல். கடைசி ஜன்னல் 1897-இல் ஏறியபோது மாரிஸ் இல்லை; முந்தின வருஷமே போய்விட்டார். 1898 ஜூனில் இவரும் போனார். 1940-இல் அந்த ஆலயத்தின் மேல் குண்டு விழுந்தது. முன்கூட்டியே கழற்றி வேல்ஸில் ஒரு சுரங்கத்தில் வைத்திருந்ததால் நான்கு ஜன்னல்களும் தப்பின.

இனி காரணம். நானும் என் ரூம்மேட்டும் ஹாஸ்டலிலிருந்து பஸ் பிடித்துக் கச்சிராயபாளையம் போய், கோமுகி அணைக் கரையில் கல்வராயன் மலையைப் பார்த்து உட்கார்ந்து, சேர்ந்து ஒரு பட்டறை போடுவது என்று முடிவு செய்தோம். போட்டோம். இரண்டு வருஷம் நன்றாகவே ஓடியது. ஒரு கணக்குத் தகராறில் நான்தான் கோபித்துக்கொண்டு வெளியே வந்தேன். பேசி ஒன்பது வருஷமாகிறது.

இந்தச் சந்திப்புக்கு அவன் வருவதாகக் கேள்வி. டேய், மலரை நீ புரட்டுவாய் என்று தெரியும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை டிபனுக்கு வீட்டுக்கு வந்துவிடு.