கடல் கடந்த தவசி

மேலைநாட்டு வேதாந்தப் பணிக்குத் துணையாகச் சுவாமி துரீயானந்தரை அழைத்துச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் சுவாமி விவேகானந்தருக்கு நெடுநாளாகவே இருந்தது. ஆனால் ஹரி மகராஜ் என்று சகோதரத் துறவிகளால் அன்புடன் அழைக்கப்பட்ட துரீயானந்தர் இசையவில்லை.

1863-இல் கல்கத்தாவில் பிறந்த அவர் சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர். விடியுமுன் கங்கையில் நீராடுவது, தமது உணவைத் தாமே சமைத்து உண்பது, சங்கரரின் நூல்களில் ஆழ்ந்திருப்பது என்று வைதிக நெறியில் இளமையைக் கழித்தார். குருதேவர் ஸ்ரீராமகிருஷ்ணரின் அருளுக்குப் பாத்திரமாகித் துறவு பூண்ட பின்னர், வட இந்தியத் திருத்தலங்களில் பல ஆண்டுகள் தவம் புரிந்தார். மேடையும் சொற்பொழிவும் அவரது இயல்புக்கு ஒவ்வாதவை.

வாதங்கள் எல்லாம் பயனற்றுப்போன ஒரு நாள், சுவாமிஜி அவரது கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தையைப்போல் அழுதார். அன்னையின் பணிக்காகத் தமது உயிரை அணு அணுவாக ஈந்து மரணத்தின் விளிம்புக்கு வந்துவிட்டதாகவும், அந்தச் சுமையில் சிறிதளவையேனும் பகிர்ந்துகொள்ளாமல் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாமா என்றும் கேட்டார். ஹரி மகராஜின் தயக்கம் அந்தக் கண்ணீரில் கரைந்தது.

பயண ஏற்பாடுகள் தொடங்கின. எதை எடுத்துச் செல்வது? வேதாந்தியின் கை முதலில் சாஸ்திர நூல்களை நோக்கித்தானே நீளும்! சுவாமிஜியோ அவை தேவையில்லை என்றார். நூல்களையும் புலமையையும் அம்மக்கள் போதிய அளவு கண்டுவிட்டார்கள்; சென்ற முறை ஒரு க்ஷத்திரிய வீரனைப் பார்த்தார்கள்; இம்முறை ஓர் உண்மையான பிராமணனின் வாழ்வைக் காணட்டும் என்பது அவரது கருத்து. நூல்களின் நடுவிலேயே காலம் கழிக்கும் எம்போன்றோருக்கு இது சற்று உறைக்கவே செய்கிறது.

1899 ஜூன் 19 அன்று பேலூர் மடத்தில் இளம் துறவிகள் இருவருக்கும் விடையளித்தனர். மறுநாள் அன்னை ஸ்ரீசாரதாதேவியார் விருந்தளித்து ஆசி கூறி அனுப்பினார். அன்றே பிரின்ஸெப் படித்துறையிலிருந்து கோல்கொண்டா கப்பலில் புறப்பட்டனர். சகோதரி நிவேதிதையும் உடன் சென்றார்.

ஜூன் 24-இல் கப்பல் சென்னையை அடைந்தது. கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியிருந்ததால் அவர்களைக் கரையிறங்க அனுமதிக்கவில்லை. அன்பர்கள் படகுகளில் வந்து கப்பலருகே நின்றபடியே தரிசித்தனர். சுவாமிஜியுடன் பேச வேறு வழி காணாத அளசிங்கப் பெருமாள் பயணச்சீட்டு வாங்கி, வெறுங்காலுடன் கப்பலேறி, கொழும்புவரை உடன் சென்றார்! 42 நாள் பயணத்துக்குப்பின், ஜூலை 31-இல் லண்டனை அடைந்தார்கள். ஆகஸ்ட் இறுதியில் நியூயார்க்.

மறு ஆண்டு, கலிபோர்னியாவின் மலைக்காடு ஒன்றில் அன்பர் ஒருவர் அளித்த 160 ஏக்கர் நிலத்தில், சுமார் 12 சாதகர்களுடன் சாந்தி ஆசிரமத்தைத் துரீயானந்தர் தொடங்கினார். கூடாரங்களே குடியிருப்பு, நீரையும் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டும். விடியலில் மந்திரம் ஓதி அவர் சாதகர்களைத் தியானத்துக்கு எழுப்புவார். சுவாமிஜி விரும்பியபடியே அவரது வாழ்வே அங்கே சாஸ்திரமாயிற்று.

கடும் உழைப்பால் உடல் தளர்ந்தது. சுவாமிஜியைக் காணும் ஏக்கமும் மிகுந்தது. 1902 ஜூனில் தாயகம் நோக்கிக் கப்பலேறினார். ரங்கூனை அடைந்தபோது, ஜூலை 4 அன்று சுவாமிஜி மகாசமாதி எய்திய செய்தி அவருக்காகக் காத்திருந்தது. பேலூர் வந்து சேர்ந்தவர் அங்கே நெடுநாள் தங்கவில்லை. பிருந்தாவனத்துக்குத் தவம் செய்யச் சென்றுவிட்டார்.