அப்துல் ஹமீத்

கம்பெனி குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார் அப்துல் ஹமீத் (ஜூலை 1, 1933 - செப்டம்பர் 10, 1965) இந்தியத் தரைப்படையின் கிரெனேடியர்ஸ் படையணியைச் சேர்ந்த 4வது பட்டாலியனில் பணியாற்றிய படைவீரர் ஆவார். 1965 ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போரில், பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் நடைபெற்ற அசல் உத்தர் சமரில், ஜீப் வண்டியில் பொருத்தப்பட்ட பின்னுதைப்பற்ற துப்பாக்கியைக் கொண்டு பாகிஸ்தானின் பாட்டன் வகை டாங்கிகள் பலவற்றை அழித்து வீரமரணம் அடைந்தார். இந்தியாவின் மிக உயரிய போர்க்கால வீர விருதான பரம் வீர் சக்கரம் இவரது மறைவுக்குப் பின்னர் இவருக்கு வழங்கப்பட்டது. 1965 போருக்காக இவ்விருதைப் பெற்ற இருவருள் இவர் ஒருவர். மற்றவர் லெப்டினன்ட் கர்னல் அர்தேஷிர் தாராபூர் ஆவார்.

இளமை

அப்துல் ஹமீத் உத்தரப் பிரதேச மாநிலம் காஜிபூர் மாவட்டத்தில் உள்ள தாமுபூர் என்னும் சிற்றூரில் முகம்மது உஸ்மான், சகீனா பேகம் ஆகியோருக்கு மகனாகப் பிறந்தார். தந்தையார் தையற்கலைஞர். ஹமீதும் இளமையில் தந்தைக்கு உதவியாகத் தையல் வேலை செய்துவந்தார். ஊசி நூலைக் காட்டிலும் மற்போரிலும் சிலம்பம் போன்ற தடிவீச்சிலும் அவருக்கு நாட்டம் அதிகம் இருந்ததாக அவரைப் பற்றி எழுதியோர் கூறுவர். இவரது மனைவி ரசூலன் பீவி.

படையில் சேர்தல்

டிசம்பர் 27, 1954 அன்று, தமது 21 ஆவது வயதில், ஹமீத் கிரெனேடியர்ஸ் படையணியில் சேர்ந்தார். அக்காலத்தில் அப்படையணியின் பயிற்சி மையம் இராசத்தானின் நசீராபாத்தில் இருந்தது. பயிற்சி முடிந்ததும் 4வது பட்டாலியனில் சேர்க்கப்பட்டு, ஆக்ரா, அமிர்தசரஸ், ஜம்மு காஷ்மீர், தில்லி, வடகிழக்கு எல்லைப்புறம் எனப் பல இடங்களில் பணியாற்றினார்.

1962 ஆம் ஆண்டு இந்திய-சீனப் போரின்போது 4வது கிரெனேடியர்ஸ், பிரிகேடியர் ஜான் டால்வி தலைமையிலான 7வது காலாட்படை பிரிகேடின் கீழ் இருந்தது. அக்டோபர் 20, 1962 அன்று நம்கா சூ ஆற்றங்கரையில் சீனப் படைகள் இந்த பிரிகேடைத் தாக்கிச் சிதறடித்தன. பட்டாலியனில் உயிர் தப்பியோர் பூட்டான் வழியாகக் கால்நடையாகவே அசாமில் உள்ள மிசாமாரியை வந்தடைந்தனர். போதிய உடையும் தோட்டாவும் இன்றி அனுப்பப்பட்ட படை அது. போர்நிறுத்தத்துக்குப் பின் பட்டாலியன் அம்பாலாவுக்கு மாற்றப்பட்டது. அங்கு ஹமீத் குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார் ஆனார். உணவு, உடை, தளவாடங்கள் ஆகியவற்றைக் கணக்கு வைத்து வழங்குவதே இப்பதவியின் பொறுப்பு.

பின்னுதைப்பற்ற துப்பாக்கியும் அதன் பயிற்சியும்

கிடங்குப் பொறுப்புக்கு வருவதற்கு முன்னர் ஹமீத் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பட்டாலியனின் டாங்கி எதிர்ப்புப் பிரிவில் இருந்தார். அங்கு அவர் கையாண்டது 106 மி.மீ. பின்னுதைப்பற்ற துப்பாக்கி. படைவீரர்கள் இதனைச் சுருக்கமாக ஆர்.சி.எல். என்பர். ஹமீத் செய்தது எவ்வளவு கடினமான செயல் என்பது இந்த ஆயுதத்தின் இயல்பை அறிந்தால்தான் விளங்கும் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகக் காண்போம்.

சாதாரணப் பீரங்கி சுடும்போது குண்டு முன்னே பாய, குழல் பின்னே உதைக்கிறது. அந்த உதைப்பைத் தாங்க கனமான சட்டமும் சக்கரங்களும் தேவை. பின்னுதைப்பற்ற துப்பாக்கியிலோ தோட்டாக் கூட்டின் பக்கங்களில் துளைகள் இருக்கும். வெடிமருந்து எரிந்து உண்டாகும் வளியின் பெரும்பகுதி இத்துளைகளின் வழியாகவும், குழலின் பின்புறத் திறப்புகளின் வழியாகவும் வெளியேறுகிறது. முன்னே செல்லும் குண்டின் உந்தமும் பின்னே செல்லும் வளியின் உந்தமும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் குழல் அசைவதில்லை. இதனால் பெரிய குண்டைக்கூட இலேசான குழலில் இருந்து சுட முடிகிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945 இல், அமெரிக்கர்கள் பயன்படுத்திய 57 மி.மீ. துப்பாக்கி சுமார் 20 கிலோகிராம் எடையே உடையது. ஒரு வீரர் தோளில் வைத்தே அதைச் சுடலாம். ஆனால் கொரியப் போரில் அதன் குண்டு புதிய டாங்கிகளுக்குப் போதவில்லை. அதன் வழிவந்த பெரிய ஆயுதமே 106 மி.மீ. துப்பாக்கி. இதன் உண்மையான குழல் விட்டம் 105 மி.மீ. தான். முன்பிருந்த வேறொரு 105 மி.மீ. துப்பாக்கியின் தோட்டாக்களோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காகவே 106 என்று பெயரிட்டனர். இருநூறு கிலோகிராமுக்குச் சற்றுக் கூடிய எடை உடையது என்பதால் இதனைத் தோளில் தாங்க இயலாது. ஜீப்பின் மீது பொருத்திச் செல்வர்.

இதன் குண்டு குவிவெடிப்பு வகையைச் சேர்ந்தது. வேகத்தால் அன்றி, வெடிப்பு ஆற்றலை ஒரு புள்ளியில் குவிப்பதால் இரும்பைத் துளைக்கிறது. எனவே அருகில் இருந்து சுட்டாலும் தொலைவில் இருந்து சுட்டாலும் துளைக்கும் ஆழம் ஒன்றே. பாட்டன் டாங்கியின் முன்புறக் கவசம் சுமார் 110 மி.மீ. தடிப்பு உடையது, சாய்வாக அமைந்திருப்பதால் அதன் பயன் இன்னும் கூடுகிறது. நன்றாகப் பட்ட 106 மி.மீ. குண்டுக்கு அதுவும் தடையன்று.

நன்றாகப் படவைப்பதுதான் கடினம். குழலின் மேல் 12.7 மி.மீ. அளவுள்ள குறிபார்க்கும் துப்பாக்கி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதன் தோட்டா பெரிய குண்டு செல்லும் அதே பாதையில் சென்று, பட்ட இடத்தில் புகையை எழுப்பும். சுடுபவர் சக்கரத்தைத் திருப்பிக் குழலை உயர்த்தித் தாழ்த்தி, சக்கரத்தின் நடுவில் உள்ள குமிழை இழுத்தால் குறிபார்க்கும் துப்பாக்கி சுடும். புகை டாங்கியின் மீது எழுந்தவுடன் அதே குமிழை உள்ளே தள்ளினால் பெரிய குண்டு பாயும். இழுத்தலுக்கும் தள்ளுதலுக்கும் இடைப்பட்ட சில நொடிகளில் டாங்கி நகர்ந்துவிடும். நகரும் இலக்கு எவ்வளவு தூரத்தில், எந்த வேகத்தில் செல்கிறது என்று கண்ணாலேயே மதிப்பிட்டு, அதற்கு முன்னே குறிவைக்கப் பழகவேண்டும். விலை உயர்ந்த பெரிய குண்டுகளைப் பயிற்சிக்கு மிகுதியாகச் செலவிட முடியாது என்பதால், சிறு தோட்டாக்களைக் கொண்டே இப்பழக்கத்தை ஏற்படுத்துவது வழக்கம்.

இந்த ஆயுதத்தில் புதியவர்களுக்கு முதலில் கற்பிக்கப்படுவது சுடுவது அன்று; பின்புறத்தைப் பார்ப்பதே. குழலின் பின்னிருந்து வெளியேறும் நெருப்பு வளி, அங்கு நிற்பவரைக் கொல்லவோ ஊனப்படுத்தவோ வல்லது. சுவருக்கோ மண்மேட்டுக்கோ முன்னால் வைத்துச் சுட்டால் அது சுட்டவரையே வந்து தாக்கும். தோளில் வைத்துச் சுடும் வகைகளிலும் இதே விதிதான். இந்தியப் படை 1970களில் இருந்து பயன்படுத்திவரும் 84 மி.மீ. கார்ல் குஸ்தாவ் துப்பாக்கியின் பயிற்சியிலும் பின்புறம் வெறுமையாக உள்ளதா என்று பார்த்த பின்னரே சுட வேண்டும்.

அந்த வளி இன்னொரு தீங்கையும் செய்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் பெரும் புழுதி எழுந்து, சுட்ட இடத்தைப் பகைவருக்குக் காட்டிக் கொடுத்துவிடும். ஜீப்புக்குக் கவசம் கிடையாது. எனவே சுட்டவுடன் இடம் மாறவேண்டும். மாறுவதற்கான அடுத்த இடத்தையும் அங்குச் செல்லும் வழியையும் முன்னரே பார்த்து வைத்திருக்க வேண்டும். குறிபார்ப்பவர், குண்டு நிரப்புபவர், ஓட்டுநர் ஆகிய அனைவரும் ஒருவர் போல இயங்கினால் அன்றி இது கைகூடாது. பட்டாலியன்களில் இத்திறன் புத்தகத்தில் இருந்து வந்ததில்லை. மூத்த ஹவில்தார்களிடம் இருந்தே இளையோர்க்கு வந்தது. பட்டாலியனிலேயே சிறந்த ஆர்.சி.எல். குறியாளர் என்று ஹமீத் பெயர் பெற்றிருந்தார். 1965 இல் போர் மூண்டபோது டாங்கி எதிர்ப்புப் பிரிவை நடத்த அதிகாரி இல்லாத நிலையில், கிடங்குக் கணக்கைப் பார்த்துக் கொண்டிருந்த அவரை மீண்டும் அத்துப்பாக்கிகளின் பொறுப்புக்கு அழைத்துக்கொண்டமைக்கு இதுவே காரணம்.

அசல் உத்தர் சமர்

1965 ஆகஸ்ட் மாதம் காஷ்மீருக்குள் ஊடுருவியவர்களால் தொடங்கிய மோதல், செப்டம்பர் 1 அன்று சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் தாக்கியதும் முழுப் போராக மாறியது. செப்டம்பர் 6 அன்று இந்தியப் படைகள் பஞ்சாப் எல்லையைக் கடந்தன. கேம்கரண் பகுதியில் மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங் தலைமையிலான 4வது மலைப் பிரிவு இச்சோகில் கால்வாயை நோக்கி முன்னேறியது. ஆனால் எதிர்ப்புக் கடுமையாக இருந்ததால் பின்வாங்க நேர்ந்தது. பெயருக்கேற்ப மலைப்போருக்காக அமைக்கப்பட்ட அப்பிரிவு, சமவெளியில் டாங்கிப் படையை எதிர்கொள்ள வேண்டியதாயிற்று. பாகிஸ்தானின் 1வது கவசப் பிரிவு கேம்கரணைக் கடந்து பியாஸ் ஆற்றுப் பாலத்தை அடைந்தால் அமிர்தசரஸ் துண்டிக்கப்பட்டுவிடும் என்னும் நிலை இருந்தது.

குர்பக்ஷ் சிங் அசல் உத்தர் என்னும் சிற்றூரை நடுவாகக் கொண்டு குதிரை லாட வடிவில் தற்காப்பு நிலைகளை அமைத்தார். கால்வாயின் கரை உடைக்கப்பட்டு வயல்களில் நீர் பாய்ச்சப்பட்டது. இந்தியத் தரப்பில் செஞ்சூரியன், ஷெர்மன், ஏ.எம்.எக்ஸ். 13 ஆகிய டாங்கிகள் இருந்தன. 4வது கிரெனேடியர்ஸ் பட்டாலியன் செப்டம்பர் 7 இரவு கேம்கரண் - பிகிவிண்ட் சாலையில் சீமா என்னும் ஊருக்கு முன்னே நிலைகொண்டது. விடிவதற்குள் அவர்களால் மூன்று அடி ஆழப் பதுங்குகுழிகளையே தோண்ட முடிந்தது.

செப்டம்பர் 8 காலையில் பாட்டன் டாங்கிகள் வரத் தொடங்கின. ஹமீதின் ஜீப் கரும்புத் தோட்டத்துக்குள் மறைந்திருந்தது. செப்டம்பரில் கரும்பு ஆளுயரத்துக்கும் மேல் வளர்ந்திருக்கும். டாங்கிக்குள் இருப்பவருக்கு அதற்குள் எதுவும் தெரியாது. டாங்கிகள் மிக அருகில் வரும்வரை காத்திருந்து ஹமீத் சுட்டார். முன்னால் வந்த டாங்கி எரிந்தது. பின்னால் வந்த சிலவற்றை அவற்றின் குழுவினர் அப்படியே விட்டுவிட்டு ஓடினர். அன்றும் மறுநாளும் அவர் மேலும் சில டாங்கிகளை வீழ்த்தினார். பட்டாலியனின் நிலைகளைச் சேபர் வானூர்திகளும் தாக்கின.

செப்டம்பர் 10 காலை 8 மணியளவில் பாகிஸ்தான் டாங்கி ரெஜிமென்ட் ஒன்று, பீரங்கிக் குண்டு மழைக்குப் பின், பட்டாலியனின் நிலைகளைத் தாக்கியது. 9 மணிக்குள் டாங்கிகள் முன்னணிக் கம்பெனிகளின் நிலைகளுக்குள் புகுந்துவிட்டன. நிலைமையின் அபாயத்தை உணர்ந்த ஹமீத், குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே ஜீப்பைப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, முதலில் வந்த டாங்கியை அழித்தார். உடனே இடம் மாறி இன்னொன்றை அழித்தார். இதற்குள் பகைவர் ஜீப்பைக் கண்டுகொண்டனர். இயந்திரத் துப்பாக்கிகளும் டாங்கிப் பீரங்கிகளும் அதன்மீதே குவிந்தன. ஹமீத் சுடுவதை நிறுத்தவில்லை. மேலும் ஒரு டாங்கியைத் தாக்கிய வேளையில் வெடிகுண்டு ஒன்றால் படுகாயமடைந்து உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 32.

அழிக்கப்பட்ட டாங்கிகளின் எண்ணிக்கை

ஹமீத் அழித்த டாங்கிகள் எத்தனை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. விருதுக்கான அரசின் அறிவிப்பு செப்டம்பர் 10 நிகழ்வுகளையே விவரிக்கிறது. அதில் எண்ணிக்கை குறைவு. செப்டம்பர் 9 மாலைக்குள் அவர் நான்கு டாங்கிகளை வீழ்த்தியிருந்தார் என்றும், அந்த நான்குக்காகவே விருதுப் பரிந்துரை அனுப்பப்பட்டது என்றும், மறுநாள் வீழ்த்தியவை அதில் சேரவில்லை என்றும் பிற்கால நூல்கள் கூறுகின்றன. இதன்படி மொத்தம் ஏழு ஆகிறது; எட்டு என்போரும் உளர். பல துப்பாக்கிகளும் டாங்கிகளும் ஒரே வேளையில் சுட்டுக்கொண்டிருந்த களத்தில் ஒவ்வொரு டாங்கிக்கும் உரியவர் யார் என்று உறுதியாகக் கூறுவது எளிதன்று. ஆயினும் அரசறிவிப்பு கூறுவதை மட்டும் எடுத்துக்கொண்டாலும், கவசமற்ற ஜீப்பில் இருந்து செய்யப்பட்ட செயல் என்ற வகையில் அதற்கு இணை அரிது.

பின்விளைவுகள்

அசல் உத்தரில் பாகிஸ்தானின் கவசப் பிரிவு முறியடிக்கப்பட்டது. அழிக்கப்பட்ட அல்லது கைவிடப்பட்ட பாகிஸ்தான் டாங்கிகள் 97 என்பது இந்தியத் தரப்புக் கணக்கு. அவற்றுள் பல பிகிவிண்டில் ஒன்றுசேர்க்கப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டதால் அவ்விடத்தை மக்கள் பாட்டன் நகர் என்று அழைத்தனர். அசல் உத்தர் என்னும் ஊர்ப்பெயர் இந்தியில் உண்மையான பதில் என்று பொருள்படுவது தற்செயலே எனினும், போருக்குப் பின் அப்பொருளிலேயே பெரிதும் பேசப்பட்டது. எனினும் கேம்கரண் நகரம் போர்நிறுத்தத்தின்போது பாகிஸ்தான் வசமே இருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். தாஷ்கந்து உடன்பாட்டுக்குப் பின்னரே, 1966 இல், அது இந்தியாவிடம் மீண்டது.

விருதும் நினைவும்

ஹமீத் இறந்த ஆறாம் நாள், செப்டம்பர் 16, 1965 அன்று, அவருக்குப் பரம் வீர் சக்கரம் அறிவிக்கப்பட்டது. ஜனவரி 26, 1966 குடியரசு நாள் விழாவில் குடியரசுத் தலைவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் இவ்விருதை ரசூலன் பீவியிடம் வழங்கினார். பரம் வீர் சக்கரம் பெற்ற 21 பேருள் இசுலாமியர் இவர் ஒருவரே.

1988 இல் சேத்தன் ஆனந்த் இயக்கிய பரம் வீர் சக்கரம் தொலைக்காட்சித் தொடரில் ஹமீதாக நசிருதீன் ஷா நடித்தார். ஜனவரி 28, 2000 அன்று இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட வீர விருதாளர் அஞ்சல்தலைகளுள் ஒன்று ஹமீதை அவரது ஜீப் துப்பாக்கியுடன் காட்டுகிறது. 2023 ஜனவரியில் அந்தமான் நிக்கோபார் தீவுகளுள் பெயரிடப்படாதிருந்த 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்கரம் பெற்றோரின் பெயர்கள் சூட்டப்பட்டபோது ஒரு தீவு இவர் பெயரைப் பெற்றது.

அசல் உத்தரில் இவரது நினைவிடம் உள்ளது. ஆண்டுதோறும் செப்டம்பர் 10 அன்று கிரெனேடியர்ஸ் படையணியினரும் சுற்றுவட்டார ஊர் மக்களும் அங்கு மரியாதை செலுத்துகின்றனர். பிறந்த ஊரான தாமுபூரிலும் நினைவுச்சின்னம் உண்டு. 2017 இல் அதே நாளில் அங்கு நடைபெற்ற நிகழ்ச்சியில் அப்போதைய தரைப்படைத் தளபதி பிபின் ராவத் கலந்துகொண்டு ரசூலன் பீவியைச் சந்தித்தார். கணவர் மறைந்த பின் ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்த ரசூலன் பீவி, ஆகஸ்ட் 2, 2019 அன்று காலமானார்.