படைத்தலைவர் டெய்லர்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1784-ஆம் ஆண்டு பிறந்தவர் சக்கரி டெய்லர். அவர் ஏறத்தாழ 40 ஆண்டுகள் படைத்தொழில் புரிந்தார், எத்தேர்தலிலும் வாக்களித்தவரல்லர். 1847-இல் மெக்சிகோப் போரின்போது, புவெனா விஸ்டாவில் தம் படையினும் பெரிய படையை எதிர்த்து நின்று பெரும்புகழ் எய்தினார்.

அப்புகழ் வாக்குகளை ஈட்டித் தரும் எனக் கருதிய விக் கட்சியார், மூத்த தலைவர் ஹென்றி கிளேயை விடுத்து, 1848-இல் டெய்லரைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிறுத்தி வென்றனர். அவர் அடிமைகளை உடையவர்; ஆதலின் தென்மாநிலத்தார் அவரைத் தம்மவர் என நம்பினர். அவரோ, மெக்சிகோவிடமிருந்து பெற்ற கலிபோர்னியா அடிமைமுறையற்ற மாநிலமாகச் சேர்தல் வேண்டும் என்றார். நாட்டினின்றும் பிரிவோம் என அச்சுறுத்தியோர்க்கு அவர் பணிந்திலர். ஆயினும் தம் அடிமைகளை விடுவித்திலர். 1850 சூலையில் பதவியிலிருக்கும்போதே உயிர்நீத்தார்.

மாணவர்களே, போர்ப்புகழ் ஒருவரைப் பதவியில் அமர்த்தலாம். அவர்தம் தகுதியை அங்கு அவர் ஆற்றும் செயலே காட்டும்.